மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரைத் தேடும் நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகளை விடாமல் படித்துவருகிறேன். அவற்றில் பல, 'இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவுள்ளதாகத் தோற்ற தரப்பினர் தெரிவித்தனர்' என்ற வரியோடு முடிகின்றன. பெரிய நிறுவனத்துக்கும் அரசுத் துறைக்கும் அந்த வரி ஒரு கோப்பு அடுத்த மேசைக்கு நகர்வதைப் போன்றது. சொந்தப் பணத்தைச் செலவழித்து வழக்காடித் தோற்ற தனிமனிதரோ, அதுவரை படியேறாத ஒரு நீதிமன்றத்துக்காக, அதுவரை முகம் பார்த்திராத ஒரு வழக்கறிஞரை, எண்ணி வைத்த சில நாட்களுக்குள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களை என் அக்காவோடு கூடவே இருந்து கழித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தந்தையின் வீட்டில் தனக்குரிய பங்கைக் கேட்டு அக்கா தொடுத்த வழக்கு தோற்றுப்போனது. தீர்ப்பு வந்த அதே வாரத்தில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தோம். பத்து நிமிடம் கேட்டார். 'இதில் கட்டாயம் ஜெயிக்கலாம், கவலைப்படாமல் போங்கள்' என்றார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார். கட்டணத்தில் ஒரு பகுதியையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் சுமந்துகொண்டு போன வழக்குக் கட்டின் கயிற்றை அவர் அவிழ்க்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது, தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை என்பது தெரிந்தது. கட்டைத் திருப்பிக் கேட்டோம். மீதிப் பணத்தைக் கட்டினால்தான் தருவேன் என்றார்.

இரண்டாவதாக நாங்கள் பார்த்தவர் கையெழுத்தும் கேட்கவில்லை, நம்பிக்கையும் சொல்லவில்லை. 'இரண்டு நாள் கொடுங்கள், படித்துவிட்டுப் பேசுகிறேன்' என்றார். மறுபடி போனபோது தீர்ப்பின் ஓரமெங்கும் பென்சிலால் பக்க எண்கள் எழுதியிருந்தார். தீர்ப்பில் நீதிபதி எந்தச் சாட்சியத்தைச் சொல்கிறாரோ, அது சாட்சிப் பதிவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்புகள் அவை. அக்கா தன் மனக்குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தாள், மொத்தம் பதினொன்று. அவர் அதை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்பதை மெல்லக் கோடிட்டு அடித்தார். பிறகு, அந்த வழக்கு தொடங்கிய நாளிலிருந்து எங்களை யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்: 'எதிர்த்தரப்பு கொடுத்த இந்த உடன்படிக்கைத் தாளைச் சான்றாவணமாகக் குறியிட்டபோது, உங்கள் வழக்கறிஞர் ஆட்சேபணை தெரிவித்தாரா? அது பதிவாகியிருக்கிறதா?'

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை நான் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. மேல்முறையீடு என்றால் அதே வழக்கை வேறொரு நீதிபதியின் முன்னால் முதலிலிருந்து நடத்துவது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் அது அப்படியில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாகச் சாட்சிகளை மறுபடி அழைப்பதில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான ஏடுகளையே படித்து, அங்கே சட்டமோ நடைமுறையோ சான்றுகளை எடைபோட்ட முறையோ பிழைபட்டதா, அந்தப் பிழை முடிவையே மாற்றும் அளவுக்குப் பெரியதா என்று பார்க்கிறது. கீழ் நீதிமன்றத்தில் அப்போதே எழுப்பிப் பதிவாகாத ஆட்சேபணையை மேலே போய் எழுப்புவது கடினம். சாட்சியின் முகத்தையும் குரலையும் நேரில் கண்ட விசாரணை நீதிபதி ஒருவரை நம்பினார், மற்றவரை நம்பவில்லை என்றால், அந்த மதிப்பீட்டை மேல் நீதிமன்றம் எளிதில் கலைப்பதில்லை. 'அவர் பொய் சொன்னார்' என்ற அக்காவின் குறைகள் எல்லாம் அடிபட்டது இதனால்தான். புதிய ஆவணம் ஒன்று இப்போது கிடைத்துவிட்டது என்றாலும் வழி குறுகலானதே. இங்கிலாந்தில் 1954-ல் வந்த லாட் எதிர் மார்ஷல் தீர்ப்பு வகுத்த சோதனை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: அந்தச் சான்றை உரிய முயற்சியோடு தேடியிருந்தாலும் விசாரணையின்போது பெற்றிருக்க முடியாததாக இருக்க வேண்டும், வழக்கின் முடிவைப் பெரிதும் பாதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், நம்பத்தகுந்ததாகவும் தோன்ற வேண்டும். இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளையிலுள்ள 27-ஆம் விதியும் இதே போன்ற ஒரு குறுகிய வாசலைத்தான் திறந்து வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, இரண்டாம் மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர் கணிசமான சட்டக் கேள்வி ஒன்றைக் காட்டினால் ஒழிய உள்ளே நுழையவே முடியாது.

ஆகவே, குறுக்கு விசாரணையில் சாட்சியைத் திணறடிக்கத் தெரிந்தவரும் மேல்முறையீட்டுக்கு ஏற்றவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மேல்முறையீட்டில் வேண்டிய திறமை ஆயிரம் பக்கத்தைப் பொறுமையாகப் படிப்பதும், அதிலிருந்து இரண்டே காரணங்களைத் தேர்ந்து தெளிவாக எழுதுவதும்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாய்மொழி வாதத்துக்கு ஒரு தரப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது அரை மணி நேரம். அந்நாட்டின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் முதன்மை எழுத்துவாதம் பொதுவாக 13,000 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு இறுக்கமான இடத்தில் ஒருவர் இருபது காரணங்களை அடுக்குகிறார் என்றால், எதில் வலு இருக்கிறது என்பதை அவரே இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். வழக்கறிஞரை அமர்த்துவதற்கு முன், அவர் முன்பு தாக்கல் செய்த மேல்முறையீட்டு வாதங்களில் ஒன்றைப் படிக்கக் கேட்பதில் தவறே இல்லை. சட்டம் படிக்காத நமக்கும் அது ஓரளவு புரிந்தால், நீதிபதிக்கும் புரியும்.

விசாரணையை நடத்திய வழக்கறிஞரையே தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்பது எல்லோரும் தயங்கும் கேள்வி. வழக்கின் ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு நினைவிருக்கும் என்பது உண்மை. ஆனால், அன்று அவர் எழுப்பத் தவறிய ஆட்சேபணையே இன்று மேல்முறையீட்டின் பெருந்தடையாக இருக்கலாம். அதை அவரே கண்டுபிடித்து நம்மிடம் சொல்லுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்குச் சற்று மிகையானது. அக்காவின் பழைய வழக்கறிஞர் நல்லவர். புதியவரை அமர்த்தியபோது கோபித்துக்கொள்ளாமல், தம் குறிப்புகளையெல்லாம் கொடுத்து உதவினார். வாய்த்தால் அதுவே சிறந்த ஏற்பாடு என்பது என் எண்ணம்: புதிய கண்ணும் பழைய நினைவும் சேர்ந்து வேலை செய்வது.

'உள்ளூர் வழக்கறிஞர்' என்று நாம் தேடும்போது எந்த ஊருக்கு உள்ளூர் என்பதை யோசிக்க மறந்துவிடுகிறோம். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வசதிதான். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருப்பதே பயன் தருவது. அந்த நீதிமன்றத்தின் பதிவுத்துறை எந்தக் குறைக்காக மனுவைத் திருப்பி அனுப்பும், ஏடுகளை எப்படி வரிசைப்படுத்தி எண்ணிட வேண்டும், அண்மையில் இதே சட்டக் கேள்வியில் அங்கே என்ன தீர்ப்பு வந்தது என்பதெல்லாம் அங்கே அன்றாடம் நடமாடுபவருக்குத்தான் தெரியும். குறை கண்டு திருப்பப்பட்ட மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வதற்குள் காலக்கெடு கடந்துபோகும் ஆபத்தும் உண்டு. இதில் சட்டக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் வாதாட உரிமை பெற்றவர் அடுத்த மாநிலத்தில் தானாகவே வாதாட முடியாது. இந்தியாவில் பதிவு பெற்ற வழக்கறிஞர் நாடெங்கும் தொழில் செய்யும் உரிமையை வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தருகிறது. என்றாலும், வெளியூர் வழக்கறிஞர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தோன்ற வேண்டுமானால் அங்கே பதிவு பெற்ற ஒருவரையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை 2016-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்த உச்ச நீதிமன்றத்திலோ, 'பதிவில் உள்ள வழக்கறிஞர்' (Advocate-on-Record) என்ற தனித் தகுதி பெற்றவர் வழியாகத்தான் வழக்கறிஞர்கள் மனு தாக்கல் செய்ய முடியும். யாரிடம் போனாலும் முதலில், 'இந்த நீதிமன்றத்தில் உங்கள் பெயரிலேயே தாக்கல் செய்ய முடியுமா, வேறொருவரைச் சேர்க்க வேண்டுமா?' என்று கேட்டுவிட வேண்டும்.

தேடுவதற்கு விளம்பரம் நல்ல வழியல்ல. இந்தியாவில் வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதே, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதிகளுக்கு மாறானது. நாங்கள் கண்டுகொண்ட வழி வேறு. நம் வழக்கை ஒத்த வழக்குகளில் அந்த மேல் நீதிமன்றம் தந்த தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தால், முதல் பக்கத்திலேயே இரு தரப்பு வழக்கறிஞர்களின் பெயர்களும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். இந்தியத் தீர்ப்புகளை இந்தியன் கானூன் தளத்திலும், பிரிட்டனின் தீர்ப்புகளை பெய்லி தளத்திலும், அமெரிக்கத் தீர்ப்புகளை கோர்ட்லிசனர் தளத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒரே பெயர் மூன்று நான்கு தீர்ப்புகளில் வந்தால் குறித்துக்கொள்ளலாம். அவர் எல்லாவற்றிலும் வென்றிருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய வாதத்தை நீதிபதி எடுத்துச் சொல்லிப் பதில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும். எங்களுக்கு உதவிய இன்னொரு கேள்வியையும் சொல்லுகிறேன். பழைய வழக்கறிஞரிடம், 'யார் நல்லவர்?' என்று கேட்டபோது நண்பர்களின் பெயர்கள் வந்தன. 'மேல்முறையீட்டில் எதிர்த்தரப்புக்கு யார் வந்தால் நீங்கள் கூடுதலாகப் படித்துக்கொண்டு போவீர்கள்?' என்று கேட்டபோதுதான், சற்று யோசித்து, எங்கள் இரண்டாவது வழக்கறிஞரின் பெயரைச் சொன்னார்.

காலக்கெடுவைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மனிதர்கள் பெரும்பாலும் தோற்பது இதில்தான். இந்தியாவில் உரிமையியல் மேல்முறையீட்டுக்கு, உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 90 நாட்கள், மற்ற நீதிமன்றங்களுக்கு என்றால் 30 நாட்கள். இலங்கையில் உரிமையியல் வழக்கின் இறுதித் தீர்ப்பை எதிர்க்க 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவித்தலும் 60 நாட்களுக்குள் மனுவும் தர வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக 21 நாட்கள். முன் அனுமதியும் பெரும்பாலும் தேவை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குக்கு 30 நாட்கள், கூட்டாட்சி அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாட்கள், குற்றவழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு வெறும் 14 நாட்கள். இந்தியக் காலவரையறைச் சட்டத்தில் சான்றிட்ட நகல் பெறத் தேவைப்பட்ட நாட்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சலுகை நகலுக்கு விண்ணப்பித்தவருக்குத்தான். விண்ணப்பிக்காமல் வழக்கறிஞரின் அலமாரியில் கிடந்த மூன்று வாரம் கழிவதில்லை.

தாமதம் ஆனால் மன்னிக்கக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 1987-ல் காடிஜி வழக்கில், தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்பதை வறட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றது. அதற்கு முன் 1981-ல் ரஃபீக் வழக்கில், வழக்கறிஞர் வராமல் போனதற்காகக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது. இவற்றை நம்பிச் சாவகாசமாக இருப்பவர்கள் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். அமெரிக்காவில் முதல் கெடுவைத் தவறவிட்ட பவுல்ஸ் என்ற கைதிக்கு, மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய விதிப்படி மறுபடி 14 நாட்கள்தான் தர முடியும். மாவட்ட நீதிபதி தவறுதலாக 17 நாட்கள் என்று ஆணையில் எழுதிவிட்டார். பவுல்ஸ் அந்த 17 நாளுக்குள், ஆனால் 14 நாள் கழிந்த பிறகு தாக்கல் செய்தார். 2007-ல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அது காலம் கடந்த மேல்முறையீடு என்றும் அதை விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்றும் முடிவு செய்தது. நீதிபதியே எழுதிக் கொடுத்த தேதியை நம்பியவரின் நிலை அது. ஆகையால் கடைசி நாள் எது என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதோடு, நாமும் சட்டத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டதாலேயே கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டுவிடாது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் தடையாணையைத் தனியாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தீர்ப்பு என்றால், மேல்முறையீடு எண்ணிடப்பட்டுக் காத்திருக்கும்போதே அத்தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு வந்து கதவைத் தட்டும். தடையைப் பற்றித் தானாகவே பேச்செடுக்கும் வழக்கறிஞர் கவனமுள்ளவர். வென்றவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது: எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால், தமக்குக் கிடைக்காத பகுதிக்காக எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்ய இந்தியாவில் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து ஒரு மாதம்தான் உண்டு.

கட்டணத்தைப் பற்றி அக்காவின் இரண்டாவது வழக்கறிஞர் செய்ததை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். படித்துக் கருத்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம், மனுவும் எழுத்துவாதமும் தயாரிக்க ஒரு கட்டணம், விசாரணைக்கு ஒரு கட்டணம் என்று மூன்றாகப் பிரித்துத் தாளில் எழுதித் தந்தார். முதல் கட்டணத்தைக் கட்டி அவருடைய கருத்தைப் படித்த பிறகு நாங்கள் விலகிக்கொள்ளலாம், அல்லது வேறொருவரிடம் போகலாம் என்றும் எழுதியிருந்தார். நகல், மொழிபெயர்ப்பு, நீதிமன்றக் கட்டணம் ஆகியவற்றை யார் ஏற்பது, வாதாடும் நாளில் நிற்கப்போவது அவரா, அவருடைய இளையவரா என்பதும் அதில் இருந்தன. வென்றால் இத்தனை பங்கு என்று பேரம் பேசுவதை இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் உரிமையியல் வழக்குகளுக்கு அது அனுமதிக்கப்படுகிறது. கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. முதல் வழக்கறிஞரின் வாசலில் கட்டுக்காக நாங்கள் நின்ற நாட்களில் இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

பணமே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் முதலியோருக்கு வருமானத்தைப் பாராமல் இலவச சட்ட உதவிக்கான உரிமையைத் தருகிறது. மேல்முறையீடும் அதில் அடங்கும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அமெரிக்காவில், வசதியற்ற குற்றவழக்குக் கைதிக்கு உரிமையாகக் கிடைக்கும் முதல் மேல்முறையீட்டில் அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1963-ல் டக்ளஸ் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் தீர்ப்பாயிற்று. என் அக்காவுக்கே அத்தகைய உதவி கிடைத்திருக்கக்கூடும்; கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வழக்கறிஞர் தந்த கருத்து இரண்டே பக்கம். வீட்டின் பிரதான பகுதியைப் பொறுத்தவரை மேல்முறையீட்டில் வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு, அதற்காகச் செலவழிக்க வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். பின்கட்டுக்கான உடன்படிக்கைத் தாள் முறைப்படி நிரூபிக்கப்படவில்லை, அதற்கான ஆட்சேபணையும் சாட்சிப் பதிவில் இருக்கிறது, அந்த ஒன்றுக்கு மட்டும் போகலாம் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அக்கா அதை மூன்று முறை படித்தாள். முதல் பக்கத்தைப் படித்தபோது அழுதாள். ஆனால் அந்த முதல் பக்கத்தினால்தான் அவரை நம்பினாள். மேல்முறையீடு பின்கட்டுக்கு மட்டும் தாக்கலாகி, அந்த அளவில் தீர்ப்பு மாறியது. மற்றது அப்படியே நின்றது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தீர்ப்புச் செய்திகளை வெளியிடும்போது, மேல்முறையீடு எந்த நீதிமன்றத்துக்கு, எத்தனை நாட்களுக்குள் என்ற ஒரு வரியை உடன் சேர்த்து அச்சிடுங்கள். இடம் இருக்கும் நாட்களில் சட்ட உதவி எண்ணையும் சேருங்கள். அந்தச் செய்திக்கு உரியவர்கள் ஏற்கெனவே அதை அறிந்திருக்கலாம். அதே வாரத்தில் அதே போன்ற வழக்கில் தோற்று, யாரிடம் போவது என்று தெரியாமல் காலையில் நாளிதழை விரித்து உட்கார்ந்திருக்கும் வேறொருவருக்கு அது வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி